பயோஸில் டிஸ்க் மோடை மாற்றியதும் விண்டோஸ் படுத்துவிட்டதா? ஃபார்மட் வேண்டாம், பொறுங்கள்

[காட்சி: நீலத் திரை, சோகமுகம். கீழே சிறிய எழுத்தில் பிழைக் குறியீடு.]

வணக்கம். விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் ஒரே ஒரு வரியை மாற்றினீர்கள். சேவ் செய்து வெளியே வந்தீர்கள். விண்டோஸ் சின்னம் தெரிந்தது, புள்ளிகள் கொஞ்சம் சுற்றின, அப்புறம் இந்தத் திரை. 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்கிறது. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் சோகமுகம் போய்விட்டது, பின்னணியும் கறுப்பு. ஆனால் வாசகம் இதேதான். பழைய விண்டோஸ் 7 என்றால் 0எக்ஸ்7பி என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள்.

மாற்றிய வரி எது என்று ஊகிக்கலாம். 'சாட்டா மோட்' அல்லது 'சாட்டா ஆப்பரேஷன்' என்று இருந்திருக்கும், மதர்போர்டு டிஸ்கை எந்த முறையில் இயக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கவும் உதவும் ரெய்டு என்ற முறையில் இருந்ததை, ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனியாக இயக்கும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றியிருப்பீர்கள். லேப்டாப் இன்டெலின் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் எஸ்எஸ்டியை இன்டெலின் ரெய்டு டிரைவர் வழியாக இயக்க வைக்கும் 'விஎம்டி' என்ற ஒன்றை அணைத்திருப்பீர்கள். உபுண்டு போடலாம் என்று உட்கார்ந்தால் இன்ஸ்டாலரே இதை மாற்றச் சொல்லும். எஸ்எஸ்டி வேகமாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அல்லது வேறு எதையோ தேடிப் போய் 'லோட் டிஃபால்ட்ஸ்' அழுத்தியிருப்பீர்கள்.

இந்த நிலையில் கடைக்குக் கொண்டுபோனால் வரக்கூடிய முதல் பதில், 'விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் பண்ணணும்' என்பது. வேண்டாம். விண்டோஸ் கெடவில்லை, டிஸ்கும் கெடவில்லை. உங்கள் போட்டோக்களும் டாலி கணக்கும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன.

[காட்சி: பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் விரல்.]

முதல் வேலை, மாற்றியதைத் திருப்பி வைப்பது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் பதற்றத்தில் பலர் இதைச் செய்வதில்லை. ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட விடுவார்கள். அது சுற்றிச் சுற்றி வந்து 'சரிசெய்ய முடியவில்லை' என்று கைவிரிக்கும். அப்புறம் 'ரீசெட் திஸ் பிசி' வரை போய்விடுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணையுங்கள். மறுபடி ஆன் செய்த உடனே பயோஸ் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர் என்றால் எஃப்2. ஹெச்பி என்றால் எஃப்10. லெனோவாவில் திங்க்பேடுக்கு எஃப்1, ஐடியாபேடுக்கு எஃப்2. தனியாக மதர்போர்டு வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் டெலீட் விசை.

உள்ளே போய் அந்த வரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். என்னவாக இருந்தது என்று நினைவில்லையா? அங்கே இருக்கும் வாய்ப்புகளே இரண்டோ மூன்றோதான், ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். ஏசர் லேப்டாப்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. விஎம்டி வரி சில மாடல்களில் கண்ணுக்கே தெரியாது. 'மெயின்' பக்கத்தில் நின்று கன்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்தினால்தான் வெளியே வரும். ஏன் ஒளித்து வைத்தார்கள் என்று கேட்டால், நீங்கள் இப்போது இருக்கும் நிலைமைக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும்!

சேவ் செய்து வெளியே வாருங்கள். விண்டோஸ் எழுந்துவிடும்.

இடையில் ஒரு நீலத் திரை வந்து, டிஸ்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிக்கவரி கீ கேட்டால் பயப்பட வேண்டாம். 48 இலக்க எண் அது. பயோஸில் கைவைத்ததை கவனித்து, 'நீ சொந்தக்காரன்தானா' என்று கணினி கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த லேப்டாப் என்றால், போனில் அதே கணக்கில் நுழைந்து சாதனங்கள் பகுதியைப் பாருங்கள். அந்த எண் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். 'நான் பிட்லாக்கரே போடவில்லையே' என்பவர்கள் உண்டு. விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இந்தக் குறியாக்கம் தானாகவே இயங்கும் லேப்டாப்கள் இப்போது நிறைய.

[காட்சி: பயோஸ் சிப்பிலிருந்து டிஸ்குக்கு ஓர் அம்பு. அதன் கீழே விண்டோஸிலிருந்து டிஸ்குக்கு இன்னோர் அம்பு, நடுவில் உடைந்திருக்கிறது.]

சரி, ஒரு வரியை மாற்றியதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

கணினி எழும்போது டிஸ்கைப் படிப்பது முதலில் விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது நாம் பயோஸ் என்று சொல்வது. அது தன் வழியில் டிஸ்கைப் படித்து, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், கூடவே சாதனங்களோடு பேச உதவும் மென்பொருள்களான டிரைவர்கள் சிலவற்றையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சின்னமும் சுழலும் புள்ளிகளும் தெரிவது இதனால்தான். அடுத்த கட்டத்தில் கெர்னல் தன் சொந்த டிரைவரை வைத்து டிஸ்கோடு பேச வேண்டும். சிக்கல் அங்கே வருகிறது.

டிஸ்க் அதேதான். ஆனால் ரெய்டு மோடில் அதன் கன்ட்ரோலர் ஓர் அடையாள எண்ணோடு தெரியும், ஏஹெச்சிஐ மோடில் வேறோர் அடையாள எண்ணோடு தெரியும். விண்டோஸைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு சாதனங்கள். முதலாவதற்கு இன்டெலின் டிரைவர் வேண்டும். இரண்டாவதற்கு விண்டோஸிலேயே இருக்கும் 'ஸ்டோர்ஏஹெச்சிஐ' போதும். விஎம்டியை அணைத்த என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிக்கு 'ஸ்டோர்என்விஎம்இ'. கடைசி இரண்டும் விண்டோஸிலேயே இருந்தும், இன்ஸ்டால் ஆன சமயத்தில் தேவைப்படாதவற்றை அது ஒதுக்கி வைத்துவிடும், சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக. வீட்டுப் பூட்டை மாற்றியாகிவிட்டது, புதுப் பூட்டின் சாவியோ வீட்டுக்குள் பரண்மேல் கிடக்கிறது. அதுதான் நிலைமை.

இது இன்று நேற்று வந்த வம்பு அல்ல. ஏஹெச்சிஐ தரம் 2004இல் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதைத் தெரியவே தெரியாது. இன்ஸ்டால் செய்யும்போது எஃப்6 அழுத்தி, ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் ஃபிளாப்பிக்கு எங்கே போவது! விஸ்டாவிலிருந்து டிரைவர் உள்ளேயே வந்தது. ஆனால் ஒதுக்கி வைக்கும் பழக்கமும் சேர்ந்தே வந்தது. விண்டோஸ் 7 காலத்தில், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் அந்த டிரைவரின் 'ஸ்டார்ட்' மதிப்பைப் பூஜ்யமாக்கினோம். இப்போது அவ்வளவு நோண்டத் தேவையில்லை.

[காட்சி: சிஸ்டம் கான்ஃபிகரேஷன் சன்னல், பூட் பக்கம்.]

பழைய அமைப்புக்குத் திரும்பி விண்டோஸ் ஓடுகிறது என்றால் பலருக்கு வேலை இங்கேயே முடிந்தது. லேப்டாப்பில் ஒரே ஒரு எஸ்எஸ்டிதான் என்றால், வேகத்துக்காக ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறுவதில் கண்ணுக்குத் தெரியும் லாபம் எதுவும் இல்லை. விட்டுவிடுங்கள். லினக்ஸ் போட வேண்டும், அல்லது ஏஹெச்சிஐக்கு முந்தைய பழைய ஐடிஇ மோடிலிருந்து வெளியே வர வேண்டும் என்பவர்கள் மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

இதற்குக் கைகொடுப்பது சேஃப் மோட். சேஃப் மோடில் எழும்போது அந்த ஒதுக்கலைப் பார்க்காமல், அடிப்படை ஸ்டோரேஜ் டிரைவர்களை விண்டோஸ் ஏற்றிப் பார்க்கும். எது பொருந்தியதோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையிலிருந்து அதோடு எழும்.

பழைய மோடில் விண்டோஸைத் திறந்து, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' என்று தட்டுங்கள். பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், கீழே 'மினிமல்' இருக்கட்டும். ஓகே கொடுத்து ரீஸ்டார்ட். விண்டோஸுக்குள் போக விடாமல் நேரே பயோஸுக்குப் போய் மோடை மாற்றுங்கள். சேவ். இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் எழும். திரையின் நான்கு மூலையிலும் அப்படி எழுதியிருக்கும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக் திறந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

இதைத் தொடங்கும் முன் இரண்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்த 48 இலக்க எண். இந்த மாற்றங்களின் நடுவே பிட்லாக்கர் அதைக் கேட்கலாம். இன்னொன்று, உங்கள் கணக்கின் உண்மையான கடவுச்சொல். நான்கு இலக்க பின்னையும் கைரேகையையும் சேஃப் மோட் ஏற்காமல் போவதுண்டு. வாசல் வரை வந்து கடவுச்சொல் மறந்து நிற்பது பெரிய கொடுமை.

பழைய மோடுக்குத் திரும்பவே வழி இல்லாதவர்களும் உண்டு. மதர்போர்டை மாற்றியிருப்பார்கள், புதிதில் அந்த வாய்ப்பே இருக்காது. அவர்கள் விண்டோஸை இரண்டு முறை எழ முயன்று தோற்க விடட்டும். அதன்பின் மீட்புத் திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட்.

[திரையில் பெரிய எழுத்தில் கட்டளை. தட்டச்சு செய்யும் வரை நிற்கட்டும்.]

திரையில் தெரிவதை அப்படியே தட்டுங்கள். பிசிடிஎடிட், இடைவெளி, ஸ்லாஷ் செட், இடைவெளி, நெளிவு அடைப்புக்குள் டிஃபால்ட், இடைவெளி, சேஃப்பூட், இடைவெளி, மினிமல். என்டர். சேஃப் மோடில் ஒருமுறை எழுந்த பிறகு, முன்பு சொன்னது போல எம்எஸ்கான்ஃபிக்கில் எடுத்துவிடலாம்.

ஒரு வரம்பு உண்டு. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் டிரைவருக்குத்தான் இந்த வழி பலிக்கும். ஏஹெச்சிஐக்கும் என்விஎம்இக்கும் விண்டோஸ் 10, 11இல் எப்போதும் இருக்கிறது. எதிர்த்திசையில், ஏஹெச்சிஐயில் இருந்ததை விஎம்டிக்கு மாற்றிவிட்டீர்கள், இன்டெலின் டிரைவரை ஒருபோதும் போட்டதில்லை என்றால் சேஃப் மோடும் கைவிட்டுவிடும். பயோஸில் பழையபடி வைப்பதே வழி.

[காட்சி: சிவப்பு எச்சரிக்கைப் பட்டை.]

இருவர் மட்டும் இதில் அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது. ஒருவர், உண்மையாகவே இரண்டு டிஸ்குகளை ரெய்டில் இணைத்து வைத்திருப்பவர். ரெய்டு 0 என்றால் ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக இரண்டு டிஸ்கிலும் பரவிக் கிடக்கும். ஏஹெச்சிஐக்கு மாற்றினால் இரண்டும் தனித்தனி டிஸ்காகத் தெரியும், 'இனிஷியலைஸ் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும், நீங்கள் சரி என்றால் கதை முடிந்தது. இன்னொருவர், ஹார்டு டிஸ்கை வேகப்படுத்த இன்டெல் தந்த சிறு நினைவகமான ஆப்டேன் மெமரி உள்ள லேப்டாப் வைத்திருப்பவர். 2018, 2019 வாக்கில் 1 டிபி ஹார்டு டிஸ்கோடு 16 ஜிபி ஆப்டேன் சேர்த்து விற்றார்கள். உங்கள் தகவலில் ஒரு பகுதி அந்த 16 ஜிபிக்குள் இருக்கலாம். முதலில் இன்டெலின் செயலியில் ஆப்டேனை 'டிஸேபிள்' செய்து, அது முடியும்வரை காத்திருந்து, அதன்பிறகுதான் பயோஸ்.

[காட்சி: கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே வரி.]

நீலத் திரை வரவே இல்லை, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரே வரிதான் என்றால் கதை வேறு. நீங்கள் மாற்றியது பெரும்பாலும், கணினி எழும் முறை பழைய லெகசியா, புதிய யுஇஎஃப்ஐயா என்று சொல்லும் வரி. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11க்குப் போக செக்யூர் பூட்டை இயக்கப் பலர் இங்கே கை வைக்கிறார்கள். இதில் விண்டோஸ் டிரைவர் வரை போகவே இல்லை. யுஇஎஃப்ஐ தேடுவது, விண்டோஸை எழுப்பும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை. பழைய எம்பிஆர் முறையில் அமைத்த டிஸ்கில் அது கிடையாது.

லெகசிக்கே திரும்பி விண்டோஸைத் திறந்துகொள்ளுங்கள். முக்கியமானவற்றை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் டிஸ்கை எம்பிஆரிலிருந்து யுஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றும் 'எம்பிஆர்டூஜிபிடி' என்ற கருவி கூடவே வருகிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதலில் 'வேலிடேட்' கட்டளை. அது தேறினால் மட்டும் 'கன்வர்ட்'. முடிந்ததும் பயோஸில் யுஇஎஃப்ஐ. வரிசை முக்கியம்.

'வேலிடேட்' தேறாமல் போகிறதா? நம் ஊரில் ஒரே டிஸ்கை சி, டி, ஈ, எஃப் என்று கூறுபோட்டுத் தருவது பழைய வழக்கம். அவற்றில் டி முதல் எஃப் வரை பெரும்பாலும், ஒரு பெரிய பகுதிக்குள் பிரித்த உட்பகுதியான லாஜிக்கல் பார்ட்டிஷனாக இருக்கும். இந்தக் கருவி லாஜிக்கல் பார்ட்டிஷனை ஏற்காது, தனியாக நிற்கும் பிரைமரி பார்ட்டிஷனும் மூன்றுக்கு மேல் கூடாது. அவற்றில் உள்ளதை வெளியே நகலெடுத்து, அந்தப் பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு, மறுபடி வேலிடேட் கொடுங்கள்.

[காட்சி: மதர்போர்டில் நாணயம் போன்ற பேட்டரி.]

கடைசியாக, 'நான் எதையுமே மாற்றவில்லை, நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து இப்படி' என்பவர்கள். பயோஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் முழுதாகப் போனதும் பயோஸ் எல்லாவற்றையும் மறந்து, கம்பெனி வைத்த அமைப்புக்குப் போய்விட்டது, சாட்டா மோடும் சேர்ந்து மாறிவிட்டது. டெஸ்க்டாப்பில் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றுங்கள். பிறகு தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடைப் பழையபடி வைத்து, அந்தப் பயோஸ் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சேவ் செய்யுங்கள்.