வட்ட ரம்பத்தின் அருகே கைகளுக்கு ஒரு காவல்

சேலம் வானொலி நேயர்களுக்கு வணக்கம். கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் நம் பட்டறைகளில் டேபிள் சா எனப்படும் மேசை வட்ட ரம்பம் அன்றாடக் கருவியாகிவிட்டது. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுழன்றால், அதன் பல்முனை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆபத்து தெரிந்த பிறகு கையை இழுத்துக்கொள்வதற்கு அங்கே நேரமே கிடையாது; ஆகவே கை பிளேடின் பக்கம் போகாமலேயே வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பிளேடின் முன்பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பற்களோ கீழிருந்து மேலெழுகின்றன. அறுத்த பிளவு மூடிக்கொண்டாலோ, மரம் நேராக நகரும்படி அணைத்து நிற்கும் பக்கச் சட்டத்தை விட்டு அது விலகினாலோ, அந்தப் பின்பற்கள் மரத்தைத் தூக்கி, அறுப்பவர் மீதே எறியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் போல, மலைச்சரிவில் வளர்ந்த மரங்களுக்குள் ஒருபக்க இழுவிசை தங்கியிருக்கக் கூடும் என்பதால், அவற்றின் பலகைகளை அறுக்கையில் பிளவு மூடிக்கொள்ளலாம்; கூடுதல் கவனம் தேவை. பிளவு அப்படி மூடிக்கொள்ளாமல் தடுக்கவே பிளேடுக்குப் பின்னால் பிளவுத்தகடு நிற்கிறது. அது பிளேடின் உடலைவிடச் சற்றுத் தடித்தும், பற்கள் வெட்டும் அகலத்தைவிடச் சற்று மெலிந்தும் இருக்க வேண்டும். கிடைத்த தகரத்தை வெட்டி மாட்டாமல், இயந்திரத்துக்கென வந்ததையே பொருத்துங்கள்.

கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ள நாமே செய்துகொள்ளக்கூடியது தள்ளுகோல். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில், ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளத்தில் வெட்டி, பிடிக்கும் இடத்தை உருட்டி, நுனியில் மரத்தின் முனையைக் கவ்வும் பள்ளம் எடுத்தால் போதும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். பிளேடு பட்டால் பிளைவுட் அறுபடும், இரும்போ பற்களை உடைத்துத் தெறிக்கும். ஆனால் தள்ளுகோல் மரத்தின் பின்முனையை மட்டுமே பிடிப்பதால், குட்டையான துண்டில் முன்முனை எழும்பக்கூடும். அதற்கு, அடிப்பக்கம் நீளமாக மரத்தின் மேல் படிந்து, பின்னால் குதிகால் போன்ற சிறு தடுப்பு கொண்ட தள்ளுகட்டையே ஏற்றது. என்னைக் கேட்டால், பட்டறையில் இரண்டும் இருக்க வேண்டும்.

மரத்தைச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்த, சீப்புப் பலகை உதவும். நேரான நார் ஓடும் பலகையின் முனையை 30 பாகை சாய்வில் வெட்டி, நாரின் போக்கிலேயே வரிசையாகக் கீறல் இட்டால், வளைந்து கொடுக்கும் விரல்கள் கிடைக்கும். மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கிய பின் சோதியுங்கள்: மரம் முன்னே எளிதாக நகர வேண்டும், பின்னே இழுத்தால் நகரக் கூடாது. அது எப்போதும் பிளேடுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பிளேடுக்கு நேராகவோ அதைத் தாண்டியோ வைத்தால், பிளவை நாமே அழுத்தி மூடியவர்களாவோம். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

கையுறை அணிந்து அறுப்பதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அதன் துணி பல்லில் சிக்கினால் கையும் சேர்ந்து போகும். தள்ளுகோலை மேசைக்கருகே, கைக்கு எட்டும் ஆணியில் மாட்டி வையுங்கள்; தேடப் போனால் அவசரத்தில் விரலே கோலாகிவிடும். நுனி அறுபட்டுத் தேய்ந்ததும் புதிது செய்வதற்கு, கோலின் வடிவத்தில் ஓர் அச்சுப் பலகையைத் தனியே வைத்துக்கொண்டு, அதன் வளைவுகளை வரைந்து, ஜிக்சா எனும் வளைவறுக்கும் ரம்பத்தில் வெட்டுங்கள். நன்றி, வணக்கம்.