மோட்டாரின் ஜாதகம்

(அம்பத்தூரில் சிறுதொழில் செய்பவர்களிடையே பேசியது)

வணக்கம். மேசை மேல் ஒரு பழைய மோட்டார் இருக்கிறது, கிட்டே வந்து பாருங்கள். 5 எச்.பி. இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விவரம் பொறித்த தகட்டின் மேலேயே மூன்று தடவை பெயிண்ட் அடித்துவிட்டார்கள், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

இது எரிந்தால் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், புதிதாகக் கட்டக் கொடுப்போம். கட்டுகிறவர் பழைய காயிலை அறுப்பதற்கு முன்னால் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, கம்பி உட்காரும் பள்ளங்களில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று எண்ணி எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வார். காயில் உருகி ஒட்டிப் போயிருந்தால்? அனுபவத்தில் ஒரு கணக்குப் போட்டுக் கட்டுவார். கணக்குத் தப்பினாலும் மோட்டார் ஓடும், ஆனால் சூடேறும், கரண்ட்டைக் கூடுதலாக இழுக்கும், சீக்கிரமே திரும்பவும் எரியும். இத்தனைக்கும் அந்த விவரம் மோட்டாரைச் செய்த கம்பெனியில் முதல் நாளே இருந்தது. கேட் தாண்டும்போது பொருளோடு கூட வரவில்லை, அவ்வளவுதான்.

சுழற்சிப் பொருளாதாரத்துக்கு, அதாவது பொருளைத் தூக்கிப் போடாமல் பழுது பார்த்தும் உருக்கியும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கு, டிஜிட்டல் எதற்கு என்று கேட்கிறீர்களே, இதற்குத்தான். பொருள் போகிற இடமெல்லாம் அதன் ஜாதகமும் போக வேண்டும். டீக்கடையில் தினமும் ஸ்கேன் செய்கிற அதே கியூஆர் கோடு போதும். ஸ்டிக்கராக ஒட்டினால் எண்ணெயில் உரிந்துவிடும், லேசரில் பொறித்துவிடுங்கள். அப்புறம் ஒரு அதிர்வு சென்சார். பேரிங் தேய ஆரம்பித்ததை அது முன்கூட்டியே காட்டிவிடும், சுழலும் ரோட்டர் உரசி, அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற ஸ்டேட்டர் பாழாவதற்குள் பேரிங்கை மட்டும் மாற்றிவிடலாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டி பிரிப்பவர்களைப் பாருங்கள், எந்த பாகம் எதற்குப் பொருந்தும் என்று கையில் எடுத்ததுமே சொல்வார்கள். ஆனால் அலுமினியம் எந்தக் கலவை என்பது கைக்குத் தெரியாது. எல்லாம் ஒரே குவியலாக உருக்கப்பட்டுத் தரம் இறங்கிவிடுகிறது. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் சக்தியில் சுமார் 5 சதவீதம்தான் பழையதை உருக்க ஆகிறது; அப்படிப்பட்ட உலோகத்தை விவரம் இல்லாத ஒரே காரணத்துக்காகக் கெடுக்கிறோமே என்று எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். உள்ளே என்னென்ன உலோகம், எவ்வளவு மறுசுழற்சி செய்தது, இப்போது எவ்வளவு திறன் மிச்சம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். வண்டிக்கு உதவாத பேட்டரியை சோலாருக்கு வைக்கலாமா, உடைத்து உலோகம் எடுக்கலாமா என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். அங்கே ஏற்றுமதி செய்பவர்களுக்கு பாகம் கொடுக்கிற உங்களிடமும் இந்தக் கேள்விகள் வரும்.

சரி, சாஃப்ட்வேர் எல்லாம் மெதுவாக வரட்டும். நாளைக்குக் காலையில் பட்டறையில் இருக்கிற ஒவ்வொரு மோட்டாரின் தகட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது தகட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.