மூத்த கோயில் எது, சொல்லுங்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய சீனக் கோயிலுக்குப் போகிறவர் மனத்தில் நிற்பது கட்டடமா, வழிபாடா? வழிபாடுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அம்மா, சிங்கப்பூர் தெலுக் ஆயர் சாலையிலுள்ள தியன் ஹொக் கெங் கோயிலை அழகாக வர்ணித்தார்கள். ஆணி அடிக்காமல் பொருத்திய மரவேலை, கூரைமேல் டிராகன், 1842இல் முடிந்த திருப்பணி. எல்லாம் சரிதான் அம்மா. அது ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்று சொன்னீர்களா? அன்றைக்கு அந்தச் சாலைதான் கடற்கரை. சீனாவிலிருந்து கப்பலில் உயிரோடு வந்து இறங்கியவர்கள், கடல் தெய்வம் மா சோ போவுக்கு நன்றி சொல்லிப் பத்தி கொளுத்திய இடம். முதலில் இருந்தது சின்னக் கொட்டகை. மண்டபமெல்லாம் பிறகு வந்தது. அப்புறம் கடலைத் தூர்த்தார்கள், கரை எங்கோ தள்ளிப் போனது. மா சோ போவுக்குப் பத்தி கொளுத்துவது மட்டும் இன்றும் நடக்கிறது.

அதே சாலையில் ஃபுக் தாக் சி என்ற இன்னொரு சீனக் கோயில் இருக்கிறது. 1824இல் தோன்றியது, தியன் ஹொக் கெங்கின் இன்றைய கட்டடத்துக்கே மூத்தது. 1998இல் அதை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகவே புதுப்பித்திருக்கிறார்கள். ஆனால் வேண்டுதலோடு அங்கே யார் போகிறார்கள்? கட்டடக் கட்சிக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது சிங்கப்பூரிலேயே வாட்டர்லூ சாலைக்கு வாருங்கள். கருணைத் தெய்வமான குவான் இம் அம்மனின் கோயில் 1884இல் தொடங்கியது. இன்றைய கட்டடமோ 1980களில் எழுந்தது. எதிரணிக் கணக்கில் இது பழைய கோயிலே அல்ல! உள்ளே போய்ப் பாருங்கள். குறி கேட்க, எண் போட்ட குச்சிகள் நிறைந்த மூங்கில் குவளையை மண்டியிட்டுக் குலுக்குகிறார்கள். ஒரு குச்சி கீழே விழும்வரை விடுவதில்லை. விழுந்த குச்சியின் எண் சரிதானா என்று அம்மனிடமே கேட்க, பிறைவடிவ மரத்துண்டு இரண்டை உருட்டுகிறார்கள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து விழுந்தால் சம்மதம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சாமி கும்பிட்டு வெளியே வரும் சீனர்கள் பலர், நேரே பக்கத்திலிருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலிலும் பத்தி ஏற்றி வணங்குகிறார்கள். இதை எந்தக் கட்டடக்காரர் வரைபடத்தில் போட்டுக் கொடுத்தார், நடுவர் அவர்களே? எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.