ஆறு கீழே, ஊர் மேலே: பென்னாகரத்தின் நிலமும் மக்களும்

(பென்னாகரத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரின் நிலவியலைப் பற்றியும் மக்கள் தொகையைப் பற்றியும் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதுதான் முப்பது ஆண்டுகள் இந்தப் பகுதியில் ஆசிரியராக இருந்தும், இரண்டு முறை மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குத் தெருத்தெருவாகப் போயும் நான் அறிந்துகொண்டது. இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் வெளியூர் போயிருக்கிறார்கள், எந்த மாதத்தில் போய் எந்த மாதத்தில் திரும்புகிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை இந்த மண்ணின் ஆழத்திலும், அதன் கீழே உள்ள பாறையின் வெடிப்பிலும், காவிரி ஓடும் மட்டத்திலும் இருக்கிறது. எனவே நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தருமபுரியிலிருந்து இண்டூர் வழியாக மேற்கே வந்தால் பென்னாகரம். அதற்கு மேலும் மேற்கே போனால் மடம், காடு, மலைப்பாதை, பிறகு ஒகேனக்கல். ஒகேனக்கல்லைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் நம் ஊரைத் தேநீர் குடிக்க நிற்கும் இடமாக மட்டுமே அறிவார்கள். ஆனால் அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதியில் பேருந்து இறங்கிக்கொண்டே போவதைக் கவனித்தவர்களுக்கு இந்த ஊரின் முழுக் கதையும் விளங்கிவிடும். காவிரி நம்மிடமிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் தொலைவில்தான் ஓடுகிறது. ஆனால் நமக்குக் கீழே ஓடுகிறது. சின்னாறும் ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில், பள்ளத்தில்தான் காவிரியோடு சேர்கிறது. நம் வட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், நாகமரை, ஏரியூர்ப் பக்கம் போனால் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் கடல் போலப் பரந்து கிடப்பதைக் காணலாம். அக்கரைக்குப் பரிசலில் போய்வரும் மக்களுக்கு அந்தத் தண்ணீர் வழியாகவும் மீனாகவும் பயன்படுகிறது. கரைக்கு மேலே உள்ள கொல்லைகளுக்கு அது ஏறி வருவதில்லை. தஞ்சாவூரின் வயல்களுக்குப் போகிற அதே ஆறுதான். அங்கே ஆறு மேட்டில் வந்து வயல் பள்ளத்தில் இருக்கிறது. இங்கே ஆறு பள்ளத்தில் போய்க் கொல்லை மேட்டில் இருக்கிறது. ஆற்றங்கரை மாவட்டம் ஒன்று மானாவாரி மாவட்டமாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

ஆறு இல்லையென்றால் மழை. நம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழையிலும் கொஞ்சம், வடகிழக்குப் பருவமழையிலும் கொஞ்சம் என இரண்டிலும் பங்கு உண்டு. எதிலும் நிறைவு இல்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் பெய்வதை நம்பித்தான் ராகி விதைக்கிறோம். நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் போடுகிறோம். செம்மண்தான், ஆனால் பல இடங்களில் முழங்கால் அளவு தோண்டினாலே கப்பியும் பாறையும் வந்துவிடும். அப்படிப்பட்ட மண் தண்ணீரை வெகு நாள் பிடித்து வைக்காது. மார்கழியில் கதிர் அறுத்துக் களத்தில் அடித்து முடித்த பிறகு, தை பிறந்ததும் அந்தக் கொல்லையில் செய்வதற்கு வேலை எதுவும் மிஞ்சுவதில்லை. மாசி, பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை பெண்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கும். ஆண்களுக்கு அதுவும் இல்லை. இந்த மாதக் கணக்கை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் தொகைக்கு வரும்போது இதற்குத் திரும்புவேன்.

மழையும் போதாதபோது பூமிக்குள் போனோம். நம் காலடியில் இருப்பது மிகப் பழைய, கடினமான படிகப் பாறை. ஆற்று மணலில் ஊறி நிற்பது போல அதில் தண்ணீர் நிற்காது. வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். அந்த வெடிப்பு கிடைத்தவருக்கு ஆழ்துளைக் கிணறு ஊறும்; கிடைக்காதவருக்குக் கடன்தான் மிஞ்சும். இன்னும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அந்தப் பாறையில் உள்ள புளோரைடு, நீண்ட காலம் அதன் இடுக்கிலேயே தங்கும் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. அந்த அளவைத் தாண்டிய தண்ணீரை நம் மாவட்டத்தில் பல தலைமுறைகள் அறியாமலே குடித்து வந்திருக்கின்றன. நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், வகுப்பில் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சில பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, அது அடக்கம் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் ஒரு சிறுமி கையை எடுத்தபோதுதான் முன்பற்களில் குறுக்கே ஓடிய பழுப்புக் கறையைக் கண்டேன். அந்த வரிசையில் இருந்த மற்றப் பிள்ளைகளின் பற்களும் அப்படியே இருந்தன. முதுகு வளைந்து, மூட்டு மடங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய பாட்டன் பாட்டிகளின் நோயும் அதே தண்ணீரிலிருந்து வந்ததுதான் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டு, 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீரை எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மலைமேல் ஏற்றி, நம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மடத்தில் பெரிய தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் இதில் அடங்கும். கீழே ஓடும் ஆற்றை மேலே கொண்டு வந்த முதல் வேலை இது என்பதனால், இதை நம் ஊரின் நிலவியலில் நடந்த ஒரு மாற்றம் என்றே நான் கருதுகிறேன். குடிக்க வந்தது, பயிருக்கு வரவில்லை.

இனி மக்கள் தொகை. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். சதுர கிலோமீட்டருக்கு 335 பேர் என்று கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டின் சராசரி 555. இதைப் படிப்பவர், நம் மாவட்டத்தில் இடம் தாராளமாக இருக்கிறது, ஆள்தான் குறைவு என்று எண்ணுவார். ஆனால் மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. காட்டைக் கழித்துவிட்டு மீதியுள்ள நிலத்துக்கு வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு ஐந்நூறைத் தாண்டிவிடும். நான் முன்னே சொன்ன முழங்கால் ஆழ மண்ணின் மேல், 850 மில்லிமீட்டர் மழையை நம்பி, அத்தனை பேர் வாழ வேண்டும். நிலம் தாங்கக்கூடிய அளவைவிட மக்கள் மிகுதி என்பதுதான் உண்மை நிலை.

மாவட்ட மக்களில் 17.3 விழுக்காட்டினர் மட்டுமே நகரவாசிகள். மாநிலத்தில் அது 48.4 விழுக்காடு. அந்த 17.3-இல் நாமும் அடக்கம். 2011-இல் பத்தாயிரத்துக்கு மேல், இருபதாயிரத்துக்குள் மக்கள் கொண்டதாகப் பதிவான பென்னாகரம், பேரூராட்சி என்பதனால் நகரம். ஒரு கிராமத்தை நகரமாகக் கருத, குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் உழவல்லாத தொழிலில் இருத்தல் என்ற மூன்று நிபந்தனைகளைக் கணக்கெடுப்புத் துறை வைத்திருக்கிறது. ஆனால் சட்டப்படி பேரூராட்சியாக அறிவிக்கப்பட்ட ஊருக்கு அந்த நிபந்தனைகள் பொருந்த வேண்டியதில்லை, அறிவிப்பே போதும். தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் 2004-இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அது கிராமமாகி மறுபடி நகரமானது ஆணையில்தான். ஆனால் ஏழைகளுக்கு ‘நகரம்’ என்ற அந்தச் சொல் பெரிய சொல். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலை, ஊராட்சிப் பகுதிகளுக்கென்றே எழுதப்பட்டது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கொல்லை வைத்திருப்பவருக்குக் கோடையில் ஏரி தூர்வாரும் கூலி உண்டு. இந்தப் பக்கம் குடிசை வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு, நகரவாசி என்பதனால், அது இல்லை. அவர் பெங்களூருக்குப் பேருந்து ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு எண்ணையும் இங்கே சொல்லாமல் போக மாட்டேன். 2011-இல் நம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள், மாநிலத்தில் 996. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆயிரத்துக்கு 913, மாநிலத்தில் 943. பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, பின்னர் நம் மாவட்டத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டதன் பின்னணி இதுதான். இந்தக் குறைவை மண்ணின் மேலோ மழையின் மேலோ போட்டுவிட முடியாது. அது வீடுகளுக்குள் நடந்தது. அதை வேறொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

இப்போது மாதக் கணக்குக்குத் திரும்புகிறேன். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அதாவது தை கடைசியும் மாசியும். ராகி அறுத்து முடிந்து, கொல்லை காய்ந்து, நம் ஆட்கள் வெளியே கிளம்பிவிட்ட காலம். எனக்கு ஒதுக்கிய பகுதியில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த ஒரு வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பேரப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த குடும்ப அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஏழு பெயர்கள் இருந்தன. இரண்டு மகன்களும் மருமகள்களும் பொங்கல் முடிந்த கையோடு பெங்களூரில் ஒரு மேஸ்திரியிடம் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டுகிற கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கல். ஆடிப் பதினெட்டுக்கு வருவார்கள் என்றார். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவரை, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எழுத வேண்டும் என்பது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த விதி. அதைச் சொன்னேன். “அவனுங்க பொறந்த ஊரு இதுதானே சார், ஓட்டு இங்கதானே இருக்குது, எழுதிக்குங்க” என்று பாட்டி மறுபடி மறுபடி சொன்னார். நான் மூன்று பேரை எழுதினேன். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த நால்வரையும் பெங்களூரில், அந்தக் கொட்டகைக்குள் குனிந்து போய், யாராவது எழுதியிருப்பார்களா என்ற கேள்வி அன்று மாலை வீடு திரும்பும்போது எழுந்தது, இன்றும் இருக்கிறது. அங்கே எழுதியிருந்தால், கடைசியாக வாழ்ந்த இடம் தருமபுரி மாவட்டம், வெளியேறிய காரணம் வேலை என்று ஒரு வரி பதிவாகியிருக்கும். எழுதாமல் விட்டிருந்தால், அவர்கள் நாட்டில் எங்குமே இல்லாதவர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வகுப்பறை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை செவிலியர், பேரூராட்சிக்கு எவ்வளவு நிதி என்பவற்றில் பலவும் மக்கள் தொகையை வைத்தே தீர்மானமாகின்றன. ஆனால் ஆடி மாதத்திலும் பொங்கலுக்கும் இந்த ஊரில் குடிக்கும் வாய்களும், சந்தை நாளில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து நம் தெருக்களிலும் மருத்துவமனையிலும் நிற்பவர்களும் மாசி மாதத்து எண்ணில் இல்லை. ஊரில் தங்கிப் படிக்கும் அந்தப் பேரப் பிள்ளைகள் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதுடையவர்கள் இல்லை. அதனால் வயதுவாரிப் பட்டியலைப் பார்த்தால் முதியவர்களும் குழந்தைகளும் மிகுந்து நடுவில் இடைவெளி விழும். காரணம் அறியாதவர் அதை வேறு விதமாகப் படித்துவிடுவார்.

1792-இல் நம் பகுதியும் அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் கொல்லை கொல்லையாக அளந்தார்கள். உழவரிடமிருந்தே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. வரிக்காக அளந்தார்கள் என்றாலும், யாருக்கு எந்த நிலம், அதில் என்ன விளையும் என்பதை இடத்துக்கே வந்து பார்த்து எழுதினார்கள். அந்த அளவு பொறுமை நம்மை நாமே எண்ணுவதற்கும் வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஆட்களை எழுதுவது மறுபடியும் மாசியில்தான். மறுபடியும் வீடுகள் பூட்டியிருக்கும். அரசு தன் விதிப்படி எழுதட்டும். நாம் அதற்கு முன்பே தெருவாரியாக ஒரு பதிவேடு எழுதி வைக்கலாம்: வீட்டில் யார் யார், வெளியே போனவர் யார், எந்த ஊர், என்ன வேலை, எந்த மாதம் கிளம்பினார், எந்த மாதம் வருவார், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது. கைப்பேசி எண் இருப்பதனால் வெளியூரில் இருப்பவரிடம் பேசி, ‘உன்னை அங்கே எழுத வந்தார்களா’ என்று கேட்டுவிடலாம். வரவில்லையென்றால் எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள் பத்து வாங்கி வந்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலட்டையிலும் ஒரு தெருவின் பெயரை எழுதி, இந்த மேசையின் மேல் வைக்கிறேன். அந்தப் பாட்டி இருந்த தெருவின் நோட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.