டெரி ரைலி: ஒரு சாக்ஸபோன், இரண்டு டேப் ரெக்கார்டர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1963ஆம் ஆண்டு. பாரிஸில் பிரெஞ்சு வானொலியின் ஒலிப்பதிவுக் கூடம். இருபத்தெட்டு வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் ஒரு நாடகத்துக்கு இசை அமைத்துக்கொண்டிருக்கிறார். ட்ரம்பெட் வாசிக்க வந்திருப்பவர் பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர் செட் பேக்கர். வாசித்த ஒலி திரும்பத் திரும்ப வந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும் என்று அந்த இளைஞர் கேட்கிறார். வெள்ளைக் கோட்டு அணிந்த வானொலிப் பொறியாளர் ஒருவர் சற்று யோசித்து, இரண்டு டேப் ரெக்கார்டர்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒரே நாடாவை இரண்டுக்கும் குறுக்கே இழுத்து மாட்டுகிறார்.

அந்த இளைஞர்தான் டெரி ரைலி. கலிபோர்னியாவின் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில் 1935இல் பிறந்தவர். பெர்க்லியில் இசை படித்தவர். ஐரோப்பாவில் அமெரிக்கப் படைத்தளங்களின் கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். அந்தப் பொறியாளரைப் பற்றி அவருடைய வெள்ளைக் கோட்டுக்கு மேல் வரலாற்றில் அதிகம் இல்லை. வானொலியில் பேசும்போது அவரை முதலில் நினைப்பதுதான் முறை.

அவர் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதல் கருவி ஒலியைப் பதிவு செய்கிறது. நாடா அங்கிருந்து நகர்ந்து இரண்டாவது கருவிக்குப் போகிறது. அது அந்த ஒலியை வாசித்துக் காட்டுகிறது. வாசித்த ஒலி கம்பி வழியாக மறுபடி முதல் கருவிக்கே வந்து, புதிய ஒலியோடு சேர்ந்து பதிவாகிறது. நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளுக்கும் நடுவே 95 சென்டிமீட்டர் நாடா இருந்தால், இப்போது ஊதியது ஐந்து விநாடி கழித்துக் காதில் விழும். பத்து விநாடி கழித்து இன்னொரு முறை, கொஞ்சம் மங்கலாக. பதினைந்தில் இன்னும் மங்கலாக. மேசையை நகர்த்தினால் தாளமே மாறிவிடும். ரைலி இதற்கு 'டைம் லேக் அக்யுமுலேட்டர்' என்று பெயர் வைத்தார்.

இன்று கைப்பேசிச் செயலி ஒன்றிலேயே இதைச் செய்துவிடலாம். ஆனால் இதன் முன்னால் நின்று வாசிப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவறாக ஊதிய ஸ்வரம் மறைந்துபோவதில்லை. ஐந்து விநாடியில் வாசலில் வந்து நிற்கிறது. அதற்குப் பொருத்தமாக அடுத்ததை வாசித்து, அதையும் இசையாக்கிக்கொள்ள வேண்டும். வாசிப்பதைவிடக் கேட்பதில்தான் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. ரைலியின் வாழ்க்கை முழுவதையும் இந்தக் கேட்டல் என்கிற ஒற்றைப் பயிற்சியாகவே நான் பார்க்கிறேன்.

ஊர் திரும்பிய அவர் எழுதிய படைப்பு 'இன் சி'. 1964 நவம்பர் 4 அன்று சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டர் என்ற மின்னணு இசைக்கூடத்தில் அரங்கேறியது. ஐம்பத்து மூன்று சிறு ஸ்வரக் கோவைகள், ஒரே தாளில் அடங்கிவிடும். எத்தனை பேரும் வாசிக்கலாம், எந்த வாத்தியமும் ஆகலாம். ஒவ்வொன்றையும் எத்தனை முறை வாசிப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் மற்றவர்களைவிட்டு வெகுதூரம் முன்னேயும் போகக் கூடாது, பின்தங்கவும் கூடாது. நாடாக் கருவி தனி ஒருவருக்குச் செய்ததை இங்கே மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். முதல் நாள் வாசித்தவர்களில் ஸ்டீவ் ரைக், பாலின் ஆலிவெராஸ், மார்ட்டன் சுபாட்னிக் ஆகியோர் உண்டு. அனைவரும் பின்னாளில் பெரும் பெயர் பெற்றவர்கள். ஒத்துச் சேர்வதற்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கலாம் என்ற யோசனை ரைக்குடையது.

நியூயார்க் போனபின் ரைலி சோப்ரானோ சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். நண்பரும் இசையமைப்பாளருமான லா மாண்ட் யங்கும் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் அதில் காட்டிய வழி அவரை ஈர்த்திருந்தது. சாக்ஸபோனையும் டேப் ரெக்கார்டர்களையும் ஆர்கனையும் வைத்துக்கொண்டு 1967 முதல் விடிய விடியக் கச்சேரி செய்தார். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரால் காற்றடித்து ஹார்மோனியத்தை இயக்கிய காலம் அது. பிலடெல்பியாவில் ரசிகர்கள் படுக்கையும் தூளியும் கொண்டுவந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. கோயில் திருவிழாக்களில் விடியும்வரை நாகஸ்வரம் கேட்ட தலைமுறைக்கு இது வியப்பாக இராது. மேற்கத்திய கச்சேரி மேடைக்கு அது புதிது.

1969இல் 'எ ரெயின்போ இன் கர்வ்டு ஏர்' இசைத்தட்டு வந்தது. முதல் பக்கம் உலகப் புகழ் பெற்றது. 'தி ஹூ' ராக் குழு 1971இல் ஒரு பாட்டுக்கு மெஹர் பாபாவின் பெயரையும் ரைலியின் பெயரையும் சேர்த்துத் தலைப்பிட்டது அந்தப் புகழின் அடையாளம். இருந்தாலும் என் தேர்வு இரண்டாம் பக்கம்தான்: 'பாப்பி நோகுட் அண்ட் தி ஃபேன்டம் பேண்ட்'. தலைப்பில் வரும் அந்த ஆவிக் குழு வேறு யாருமில்லை, நாடாவில் திரும்பி வரும் அவருடைய சாக்ஸபோனேதான்.

அடுத்து வந்ததுதான் என்னை அவர்பால் மிகவும் இழுக்கிறது. கையில் பெரிய நிறுவனத்தின் இசைத்தட்டுகள், வாசலில் வாய்ப்புகள். அந்த நேரத்தில், 1970இல், அவர் இந்தியாவுக்கு வந்து இந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்ற குருவழி மரபின் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் சிஷ்யனாக உட்கார்ந்தார். ச என்ற ஒரு ஸ்வரத்தில் சுருதி சேர்ந்து நிற்பதிலிருந்து பாடம். 1996இல் குரு மறையும்வரை அந்த உறவு நீடித்தது. பிராண் நாத்தின் குரு அப்துல் வஹீத் கான், உஸ்தாத் அப்துல் கரீம் கானின் உறவினர். தியாகராஜர் கீர்த்தனையையும் இசைத்தட்டில் பாடிய அந்த அப்துல் கரீம் கான், 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது நம் சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில்தான் உயிர் நீத்தார்.

1971 முதல் சில ஆண்டுகள் ரைலி ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் கற்பித்தார். டேப் மியூசிக் சென்டர் இடம் மாறி வந்து சேர்ந்திருந்ததும் அங்கேதான். மின்னணு இசை பயில நாலா பக்கமிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். கருவிகள் நிறைந்த அந்த வளாகத்தில் அவர் கொடுத்தது இந்துஸ்தானி இசையும் இசையமைப்பும். அவருடைய குருவும் அங்கு வந்து பாடம் நடத்தினார். வயரும் தம்பூராவும் ஒரே கல்லூரியில் இருந்ததை நான் முரணாகக் கருதவில்லை. இரண்டுமே காதைத் தீட்டும் வேலைதான்.

க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவின் டேவிட் ஹாரிங்டனை அவர் சந்தித்ததும் மில்ஸில்தான். மேடையிலேயே கற்பனை செய்து வாசித்துப் பழகியிருந்தவரை மறுபடி தாளில் எழுதவைத்தவர் ஹாரிங்டன். 2002இல் அரங்கேறிய 'சன் ரிங்ஸ்' நாசாவின் தூண்டுதலால் பிறந்தது; வாயேஜர் விண்கலங்கள் கோள்களின் அருகே பதிவு செய்த அலைகளை டான் கர்னெட் என்ற விஞ்ஞானி ஒலியாக மாற்றியிருந்தார், அவற்றோடு நான்கு தந்தி வாத்தியங்கள் பேசுகின்றன.

2020இல் ஜப்பான் போன ரைலி, பெருந்தொற்று வந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். எண்பத்தைந்து வயதை எட்டிய நிலையில், தன் குருவிடம் கற்ற ராகங்களை அங்குள்ள மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

அடுத்து, 'பாப்பி நோகுட்' பதிவின் ஒரு பகுதியை ஒலிபரப்புகிறோம். சாக்ஸபோன் ஒரு ஸ்வரக் கோவையை ஊதியதும் அதைவிட்டு நகராதீர்கள். அது எங்கே திரும்பி வருகிறது, அதன்மேல் ரைலி எதை வைக்கிறார் என்று மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.