ஒலிம்பிக்கில் தொங்கிய கயிறு

காலையில் உள்ளே நுழையும்போதே பார்த்தேன், மைதானத்து ஓரத்தில் கயிற்றைத் தொங்கவிட்டு ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அது வேண்டும், அதனால் ஏறுகிறீர்கள், வேலை கிடைத்துவிட்டால் அப்புறம் யார் அந்தக் கயிற்றைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தம்பிகளே, இதே கயிறு ஏறுவதற்கு ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்தார்கள்.

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. கயிற்றின் உயரம் 14 மீட்டர். ஏறியது ஐந்து பேர், உச்சியைத் தொட்டது இரண்டே பேர், இரண்டு பேரும் உள்ளூர்க் கிரேக்கர்கள். அவர்களில் வேகமாக ஏறியவர் ஆண்ட்ரியகோபுலோஸ், 23.4 விநாடி.

எனக்குப் பிடித்த ஆள் அவர் இல்லை. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜார்ஜ் ஐசர் என்று ஒருவர் கயிறு ஏறித் தங்கம் வாங்கினார், அவருக்கு ஒரு கால் மரக்கால். கையால்தானே ஏறுகிறார், கால் எதற்கு என்று கேட்பீர்கள். சரி, அதே நாளில் அவர் மொத்தம் ஆறு பதக்கம் வாங்கினார், அதில் மூன்று தங்கம், அந்த மூன்றில் ஒன்று வால்ட், அதாவது ஓடி வந்து ஜிம்னாஸ்டிக்ஸ் மரக்குதிரையைத் தாண்டுவது! அதற்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொரு கயிறும் இருந்தது. பொங்கலுக்கு ஊரில் இழுப்போமே, அந்தக் கயிறு இழுக்கும் போட்டிதான். 1900 முதல் 1920 வரை ஐந்து ஒலிம்பிக்கில், ஓட்டம் தாண்டுதலோடு சேர்த்து அத்லெடிக்ஸ் பிரிவிலேயே நடத்தினார்கள். 1908 லண்டன் கதை உங்களுக்கென்றே நடந்தது மாதிரி இருக்கும்: தங்கம் லண்டன் சிட்டி போலீஸ், வெள்ளி லிவர்பூல் போலீஸ், வெண்கலம் லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ். மூன்றுமே காக்கிச்சட்டை, அதாவது அந்த ஊர்க் கணக்கில் நீலச்சட்டை. லிவர்பூல் அணி அமெரிக்கர்களை ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டதும், இவர்கள் போட்டிருக்கும் கனமான பூட்ஸ் தரையைக் கவ்வுகிறது, இது நியாயமில்லை என்று அமெரிக்கர்கள் சண்டைக்கு வந்தார்கள். டியூட்டிக்குப் போடும் பூட்ஸ்தான் என்று போலீஸ் தரப்பில் பதில். புகார் எடுபடவில்லை, அமெரிக்கர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இவ்வளவு சுவாரசியமானது ஏன் போயிற்று? மட்டமான விளையாட்டு என்பதால் இல்லை என்பது என் கட்சி. இழுக்க ஆள் வரவில்லை. 1912 ஸ்டாக்ஹோமில் வந்து நின்றது இரண்டே அணிகள், ஒரே ஆட்டத்தில் பிரிட்டனை ஸ்வீடன் ஜெயித்தது, முடிந்தது போட்டி. 1920க்குப் பிறகு பட்டியலைச் சுருக்கியபோது இதற்காக வாதாடத் தனியாக ஒரு சர்வதேச சங்கம்கூடக் கிடையாது, அது தொடங்கியதே 1960இல். கல்யாணம் முடிந்த பிறகு மேளம் வந்த கதை. கயிறு ஏறுவதும் அப்படித்தான், 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் மொத்தம் ஐந்து பேர், மூன்று அமெரிக்கர், இரண்டு ஹங்கேரியர், அதோடு சரி.

ஆள் குறைவுதான் காரணமென்றால் கிரிக்கெட்டைப் பாருங்கள். 1900 பாரிஸில் பிரிட்டனும் பிரான்ஸும் ஆடிய ஒரே ஒரு ஆட்டம், அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லை, இப்போது 2028இல் திரும்ப வருகிறது. அதன் பின்னால் டிவியும் பணமும் இருக்கிறது, கயிற்றுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்? கயிறு இழுப்பவர்கள் ஒலிம்பிக்கில் இடமில்லாத விளையாட்டுகளுக்கென்று நடக்கும் உலக விளையாட்டுப் போட்டிகளில் 1981 முதல் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். கயிறு ஏறுபவர்களுக்கு உங்கள் தேர்வு மாதிரி சில இடங்கள்தான் மிச்சம்.

கடைசித் தங்கம் வாங்கிய ரேமண்ட் பாஸ் 8 மீட்டரை 6.7 விநாடியில் ஏறினார். தரையில் உட்கார்ந்தபடி தொடங்க வேண்டும், காலைப் பயன்படுத்தாமல் கையால் மட்டுமே ஏற வேண்டும், நீங்கள் காலையில் கவ்விக் கவ்வி ஏறினீர்களே, அது செல்லாது. உங்கள் கோச்சிடம் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, யார் முதலில் வருகிறீர்கள்?