குழப்படி என்று முடிவு கட்டுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கிளினிக்கில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "டொக்டர், பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?" தெரியாது. இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் செலவழித்து மூளையைப் படம் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் ஒரு குறையும் இருக்காது.

கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்பது அதன் நீண்ட பெயர்; கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் அடங்கி உட்காரவும் கஷ்டப்படும் நிலை. எல்லோரும் சொல்வதுபோல ஏ.டி.எச்.டி. என்றே நானும் சொல்கிறேன். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கதைப்பதுதான். பிள்ளையோடு, பெற்றோரோடு, ஆசிரியரோடு, பொறுமையாக. என் அறையில் பிள்ளை இருக்கும் அரை மணித்தியாலம் பெரிதாக எதையும் சொல்லாது. புது இடம், புது ஆள். பல பிள்ளைகள் கதிரையில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்குத்தான் சங்கடம்: "வீட்டுக்கு வந்து பாருங்கள் டொக்டர், அப்போது தெரியும்!"

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துடியாட்டத்துக்கும் அவசரப் புத்திக்கும் சேர்த்து 9 அறிகுறிகள் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு இவற்றில் ஒரு பக்கத்திலாவது 6 இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 போதும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். படிப்பையோ வேலையையோ உறவுகளையோ அது உண்மையில் பாதித்திருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. எனக்கு அதுதான் பெரிது: குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் மட்டும் பிரச்சினை என்றால் அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மூன்றாவது சாட்சி ஒருவர் இருக்கிறார், டியூஷன் மாஸ்டர். சிலவேளை அவர் சொல்வதுதான் மிகவும் உதவுகிறது.

டியூஷன் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலாம், ஐந்தாம் வகுப்பில்தான் நிறையப் பேர் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. "கணக்குச் செய்ய உட்காரவே மாட்டேன் என்கிறான்" என்பார்கள். விசாரித்தால், பிள்ளை காலை ஐந்தரைக்கு எழும்பி, வேனில் பள்ளிக்கூடம் போய், மத்தியானம் ஒரு டியூஷன், பின்னேரம் இன்னொன்று, இரவு வீட்டில் மாதிரி வினாத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை! பெரியவர்களாலேயே அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது நித்திரை. அதற்கு நான் சீட்டு எழுதத் தேவையில்லை.

வேறு காரணங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை சொல்வழி கேளாத பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளை வெளியே பிராக்குப் பார்க்கிறது. டொன்சில் பெருத்து இரவெல்லாம் குறட்டை விடுகிற பிள்ளைக்குப் பகலில் கவனம் எங்கிருந்து வரும்? வலிப்பில் ஒரு வகை உண்டு; சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளை ஒன்றும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும். வாசிப்பதில் தனிச் சிரமம் உள்ள பிள்ளைகளும் வருகிறார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அப்பாவை நினைத்து ஏங்குகிற பிள்ளைகளும் வருகிறார்கள். அப்புறம், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் அடிக்கடி பார்க்கும் ஒன்று: வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளையை நேரே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிடுகிறார்கள். டீச்சர் சொல்வது விளங்கவில்லை. விளங்காத இடத்தில் யார்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்?

சரி, இதெல்லாம் இல்லையென்றாகிவிட்டது. அப்போதும் தகப்பன்மார் விடமாட்டார்கள். "போனில் மூன்று மணித்தியாலம் அசையாமல் விளையாடுகிறானே, அவனுக்கா கவனக்குறைவு?" நியாயமான கேள்வி. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதைத் தாங்கள் நினைத்த இடத்தில் வைத்திருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். கேம் விநாடிக்கு விநாடி பரிசு கொடுக்கிறது. சுற்றாடல் பாடக் கொப்பி அப்படி எதுவும் கொடுப்பதில்லை. ஆர்வமில்லாத வேலையைத் தொடங்கவும் முடிக்கவும் வேண்டிய இடத்தில்தான் கோளாறு தெரியும்.

இனிப்புச் சாப்பிடுவதால் வருகிறது என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. வளர்ப்பும் காரணமில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இதில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 வீதம் வரை. ஏறக்குறைய உயரத்தைப் போல. உலக அளவில் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 வீதமானவர்களுக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளில் இது தவறிப்போவது அதிகம். பொடியன் கதிரையைத் தட்டி விழுத்தினால் அன்றைக்கே அம்மாவுக்கு அழைப்பு வரும். பின் வாங்கில் சத்தமில்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றி யார் முறைப்பாடு செய்யப் போகிறார்கள்? முப்பத்தைந்து வயதுத் தாய் ஒருவர், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன், மகனுக்கான வினாக்கொத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பாதியில் பேனையை வைத்துவிட்டு, "டொக்டர், இது என்னைப் பற்றி அல்லவா கேட்கிறது?" என்றார். அடுத்த முறை தன் பழைய தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றாம் வகுப்பில்: "கெட்டிக்காரி. பிராக்குப் பார்ப்பது அதிகம்." ஆறாம் வகுப்பில்: "கொப்பிகள் முழுமையில்லை." எட்டாம் வகுப்பில்: "முயற்சி போதாது." ஒருவரையொருவர் கலந்து பேசாத மூன்று ஆசிரியைமார் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு எந்த மெஷினும் தராது.

வளர்ந்தவர்களிடம் துடியாட்டம் வெளியே அதிகம் தெரியாது. உள்ளுக்குள் ஓர் அவதியாக மாறிவிடும். லைட் பில் கட்டக் காசு இருக்கும், ஆனால் சிவப்பு நோட்டீஸ் வந்த பிறகுதான் கட்டுவார்கள். ஒரு வருடத்தில் மூன்று வேலை மாறுவார்கள். திறப்பைத் தேடியே காலை போய்விடும். மனச்சோர்வு, பதகளிப்பு என்று மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு அடியில் இது இருக்கிறது. ஆனால் முப்பது வயதில் திடீரென்று தொடங்கிய மறதி ஏ.டி.எச்.டி. அல்ல. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். சமூக ஊடகத்தில் ஒரு நிமிட வீடியோ பார்த்துவிட்டு "எனக்கும் இருக்கிறது" என்று வருகிறவர்களை நான் திட்டுவதில்லை. வந்ததே நல்லது. ஆனால் சிறுவயதிலிருந்து விசாரிக்கத்தான் செய்வேன்.

மருந்து பற்றிப் பயம் நிறைய இருக்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், குளிசை இல்லை. அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தேவையென்றால் மெதில்பெனிடேட் கொடுக்கிறோம். 1944இல் உருவாக்கப்பட்ட மருந்து, நெடுங்காலமாகப் பழக்கமானது. சாதாரணக் குளிசை நாலு மணித்தியாலம் அளவில் வேலை செய்யும். பசி குறையலாம், நித்திரை தள்ளிப்போகலாம். அதனால் உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குளிசையை வாங்கிக் கொடுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கொழும்பில் பிள்ளைகளை பொரளை சீமாட்டி றிஜ்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். பெரியவர்கள் தேசிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசு வாங்குவதில்லை. முதலில் யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்று தயங்காதீர்கள். இரண்டு பாஷையும் தெரிந்த உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியைப் பற்றி அது சொல்லக்கூடாத கதைகளும் அங்கே வரும். வகுப்பாசிரியையிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள், தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. "குழப்படி" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்கிறான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.